மரை தேய்ந்தால் என்ன செய்வது?



ஒருவன் தாறுமாறாகப் பேசினால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று நாம் கேலி செய்கிறோம். ஆனால் நம் மோட்டார் சைக்கிளில் மரை கெட்டுப் போனால் அது கேலியோடு முடிவதில்லை. விடியற்காலையில் பால் வெட்டுக்கோ, சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கோ போகும் வழியில், இயந்திரத்தின் அடியில் இருக்கும் எண்ணெய் வடிக்கும் போல்ட் கழன்று விழுந்தால் எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடும் இயந்திரம் விரைவில் சூடேறி இறுகிவிடும். அன்றைய கூலியும் போகும். பழுது பார்க்கும் செலவும் வந்து சேரும்.

மரை என்பது என்ன? ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, ஒரு பென்சிலில் சுற்றிப் பாருங்கள். காகிதத்தின் சரிந்த ஓரம் பென்சிலைச் சுற்றி ஏறிப் போகும். மரையும் அப்படிச் சுற்றி ஏறும் ஒரு சரிவுதான். குன்றைச் சுற்றிப் போகும் பாதையில் சுமை ஏற்றுவது எளிதல்லவா? அதுபோல, மரை நம் கையின் சிறு வலிமையைப் பெரிய இறுக்கமாக மாற்றிக் கொடுக்கிறது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. போல்ட் எஃகால் ஆனது; இயந்திரத்தின் அடிப்பாகமோ அலுமினியம். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி இழுத்தால், மெதுவான அலுமினியத்தின் மரைதான் உரிந்து வரும். எண்ணெய் கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்குவதும் தவறு. பெரும்பாலும் கெட்டிருப்பது வாஷர். மாற்ற வேண்டியது அதைத்தான்.

போல்ட்டை மாற்றும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: தடிப்பு, மரைகளுக்கு இடையே உள்ள தூரம், சுற்றும் திசை. சைக்கிளின் இடது மிதிகட்டைக்கு எதிர்த்திசை மரை இருக்கும். அதை அறியாமல் கழற்றப் போனால் மேலும் இறுகும்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் எல்லாருக்கும் பொதுவான அளவுகளை முன்வைத்தார். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் இந்த அங்குலக் கணக்கைக் காணலாம். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கு. 5/16 அங்குலப் போல்ட்டின் தடிப்பு ஏறக்குறைய 7.9 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் விட்வொர்த் மரையின் இடைவெளி 1.41 மில்லிமீட்டர், மற்றதில் 1.25. ஓரிரு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். அப்போது பலவந்தம் செய்தால் மரை பாழ். சந்தேகம் வந்தால் இரண்டு போல்ட்டுகளின் மரைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் இரண்டும் ஒன்றல்ல.

சரி, மரை கெட்டேவிட்டது. என்ன செய்வது? சற்று நசுங்கியிருந்தால், அதே அளவுள்ள மரை வெட்டும் டாப்பை எண்ணெயிட்டு மெல்ல ஓட்டினால் போதும். முழுவதும் உரிந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டிப் பெரிய போல்ட் போடுவது ஒன்று. மற்றது, பெரிதாக்கிய துளையில் எஃகுக் கம்பிச் சுருளைச் செருகுவது. பட்டறைகளில் இதை ஹெலிகாயில் என்பார்கள். சுருளின் உட்புறமே பழைய அளவு மரையாக அமைவதால் பழைய போல்ட்டே பொருந்தும். அலுமினியத்துக்கு இதுவே உறுதியான முறை. உலோகத் தூள் உள்ளே போகாதபடி டாப்பில் கிரீஸ் தடவ வேண்டும். முடிந்ததும் சிறிது எண்ணெய் ஊற்றிக் கழுவி வடிக்க வேண்டும். டேப்பைச் சுற்றியோ பசையை அப்பியோ சமாளிப்பது நடுவழியில் கைவிடும்.

ஓர் எச்சரிக்கை. பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளர்கள் 1861-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் பின்னர் சைக்கிள்களும், 1905 முதல் காற்றுத் துப்பாக்கிகளும் செய்தது. சைக்கிளுக்குச் செய்யும் பழுதைப் பழைய காற்றுத் துப்பாக்கிக்கும் செய்துவிடலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். அதனுள் இறுகிய சுருள்வில், கழற்றியவுடன் முகத்தில் பாயக்கூடும். மேலும், நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். பழுது பார்ப்பதும் உரிமம் பெற்றவரின் வேலை.

வந்தபின் திருத்துவதைவிட வராமல் காப்பது மலிவு. போல்ட்டையும் துளையையும் துணியால் துடையுங்கள். முதலில் போல்ட்டை எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். 'டக்' என்று மரை உட்காருவது விரலுக்குத் தெரியும். அதன்பின் முன்னோக்கிச் சுற்றுங்கள். முதல் சில சுற்றுகள் வெறும் விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் கழற்றி மீண்டும் தொடங்குங்கள். விரல் நின்ற பிறகே ஸ்பேனர்.

இதை உங்கள் பிள்ளைகளின் கையிலும் ஒரு போல்ட்டையும் நட்டையும் கொடுத்துப் பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும் இது பயன்படும் கல்வி.