எதிரணி வேறு, எதிரி வேறு: ஆட்டத்துக்கு முந்திய எதிர்பார்ப்பை எழுதுவது எப்படி?



"நான் கண்டுகளித்த காற்பந்தாட்டம்" என்று தலைப்புக் கொடுத்தால், பத்துக் கட்டுரைகளில் எட்டு ஒரே மாதிரி தொடங்குகின்றன. "ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தனர். அரங்கமே அதிர்ந்தது." அவ்வளவுதான், அடுத்த வரியில் நடுவர் விசில் ஊதிவிடுகிறார். யார் காத்திருந்தார்கள், எதற்காக, எத்தனை நாளாக? ஒன்றும் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். ஓர் ஆட்டம் 90 நிமிடம்தான். அதற்கு முந்திய வாரம் முழுக்க நடக்கும் கேலி, கணக்கு, சண்டை, சமாதானம் எல்லாம் அதைவிடச் சுவையாக இருக்கும் இல்லையா? அந்த வாரத்தைப் புரிந்துகொண்டு எழுதத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வேர், பல சொற்கள்

முதலில் தமிழிலிருந்தே தொடங்குவோம். "எதிர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படைப் பொருள் "முன்னால், நேருக்கு நேர்" என்பது. "கடைக்கு எதிர்வீடு" என்கிறோமே, அங்கே பகை ஒன்றும் இல்லை. இந்த ஒரு சொல்லிலிருந்து எத்தனை சொற்கள் வருகின்றன, பாருங்கள்: எதிர்காலம், எதிரொலி, எதிர்பார்ப்பு, எதிரணி, எதிரி.

"எதிர்கொள்ளுதல்" இன்னும் சுவையானது. சவாலை எதிர்கொள்கிறோம். திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும் எதிர்கொண்டு அழைக்கிறோம். மோதப் போவதற்கும் வரவேற்கப் போவதற்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

ஆட்டத்துக்கு முந்திய எதிர்பார்ப்பும் அப்படித்தான். எதிரணி வரவேண்டும் என்று ரசிகன் ஆசைப்படுகிறான். வந்து தோற்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறான். முதல் ஆசை இல்லாமல் இரண்டாவது ஆசைக்கு இடமே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஒரு பக்கம், கிள்ளான் ஒரு பக்கம்

கிள்ளானில் கொமூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். கிள்ளான் சிலாங்கூர் மாநிலம், பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூர். இரண்டு ஊரிலும் நம் மக்கள், நம் கடைத்தெரு, நம் கோயில்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் சிலாங்கூரும் கோலாலம்பூரும் மோதும் வாரத்தில் அந்த ரயில் பாதையே ஓர் எல்லைக்கோடு ஆகிவிடுகிறது.

இதன் வரலாறு முக்கியம். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1ஆம் நாள்தான் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதற்கு முன் அது சிலாங்கூரின் தலைநகரம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஒருவர் சிறுவயதில் சிவப்பு மஞ்சள் சட்டைக்காகத்தான் கைதட்டியிருப்பார். பிறகு நகரத்துக்கென்று தனி அணி வந்தது. அது 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அப்புறம் 32 ஆண்டு வறட்சி. 2021 நவம்பர் 30 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் ஜொகூர் டாருல் தாசிம் அணியை 2-0 என்று வீழ்த்தி மீண்டும் கிண்ணத்தைத் தூக்கியது. 2014 முதல் சூப்பர் லீக்கை ஆண்டுதோறும் வென்று வந்த அணியை அன்று சாய்த்தது என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

சிலாங்கூரின் கதை இன்னும் நீளம். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் தொடங்கிய மலாயா கிண்ணமே 1967இல் மலேசியக் கிண்ணம் ஆனது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் தோற்ற சிலாங்கூர், பின்னர் அந்தக் கிண்ணத்தை அதிக முறை வென்ற அணி ஆனது. 2015இல் வென்றது அதன் 33ஆவது கிண்ணம். அந்த அணியில் நம்மவர்களும் புகழ் பெற்றார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன், நீண்ட கைகளால் "ஸ்பைடர்மேன்" என்று பெயரெடுத்து, 1988இல் சாலை விபத்தில் மறைந்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், பின்னாளில் தேசியப் பயிற்றுநராக 2010 சுசுகி கிண்ணத்தை வென்று தந்த கே. ராஜகோபால். வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அணிப்பட்டியல் வெளியானதும் "நம்ம பேரு ஏதும் இருக்கா?" என்று தேடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆட்டத்துக்கு முந்திய வாரம்

இனி ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். பிரிக்பீல்ட்சில் ஓர் ஒட்டுக்கடை. ரயில்வேயில் ஓய்வுபெற்ற மாமா. கிள்ளானிலிருந்து வந்திருக்கும் அவருடைய தங்கை மகன். மேசையில் இரண்டு தே தாரிக்.

"என்னா மாமா, சனிக்கிழமை திடலுக்கு வரீங்களா, இல்ல வீட்லயே டிவிய பாத்துட்டு அழப் போறீங்களா?"

"போடா டேய். 87, 88, 89னு வரிசையா மூனு வருசம் கிண்ணத்தத் தூக்குனவங்கடா நாங்க. நீ அப்ப பொறக்கவே இல்ல."

"33 மாமா. முப்பத்து மூனு. கை விரலு பத்தாது, கால் விரலும் பத்தாது."

"அதுல சிலது நான் கைதட்டி வாங்கிக் குடுத்ததுடா! அப்ப பிரிக்பீல்ட்சும் சிலாங்கூருதான்."

மருமகனுக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு வாய் தே தாரிக் குடித்துவிட்டு, "அப்ப நீங்க எங்க ஆளுதானே மாமா?" என்கிறான். மாமா சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்து வைக்கிறார். "சனிக்கிழமை வா. எங்க ஆளு யாருன்னு அங்க தெரியும்."

இதில் கவனியுங்கள். இருவரும் ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. சீண்டுவதற்கு எதிரே ஆள் வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். வெறும் எண்களும் ஆண்டுகளும் இங்கே ஆயுதம் ஆகின்றன. அதாவது, உண்மையான எதிர்பார்ப்பு பழைய நினைவுகளால் ஆனது. "ஆவலோடு காத்திருந்தனர்" என்ற வரியில் இல்லாதது இந்த நினைவுதான்.

நக்கண்ணையார் பார்த்த ஆட்டம்

"இது இக்காலத்துப் பழக்கம்" என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 85ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பாடப்பட்டவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. இவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைச் சாத்தந்தையார் 80ஆம் பாடல் முதலாகப் பாடியிருக்கிறார்.

85ஆம் பாடலின் செய்தி இதுதான். அந்த ஊர் அவனுடைய ஊர் அல்ல, அந்த நாடும் அவனுடையது அல்ல. நம் பேச்சில் சொன்னால், வெளியூர் ஆட்டம்! ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள். இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். நக்கண்ணையாரோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தம் வீட்டருகே நிற்கும் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் காண்கிறார்.

மாணவர்களே, இங்கே ஒரு நுட்பம் உண்டு. தாம் விரும்பியவன் வெல்லமாட்டான் என்று சொன்னவர்களை அவர் திட்டவில்லை. இரண்டு பேச்சையும் நல்ல பேச்சு என்றே குறிப்பிடுகிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு ரசிகை, மறுபக்கத்து ரசிகருக்குக் கொடுத்த மரியாதை அது.

அயர்லாந்திலும் இதே கதை

அயர்லாந்தில் கேலிக் காற்பந்து என்று ஒரு விளையாட்டு உண்டு. பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். ஓர் அணிக்கு 15 பேர். ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பெரும்பாலும் தாம் பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்கே ஆடுகிறார்கள். இறுதியாட்டம் டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் நடக்கும். 82,000 பேருக்கு மேல் அமரலாம். ஆட்டம் நெருங்க நெருங்க வீடுகளிலும் கடைகளிலும் மாவட்டக் கொடிகள் பறக்கும். ஆனால் அரங்கில் இரு அணி ரசிகர்களையும் வேலி போட்டுப் பிரிப்பதில்லை. எதிரெதிர் நிறச் சட்டை அணிந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார்கள். அங்கும் ஒரு மாமா, ஒரு மருமகன் இருப்பார்கள் என்று நம்பலாம்.

எதிரணி வராத நாள்

இனி, மனத்துக்குக் கடினமான ஒரு பகுதி. 2024 மே 5 அன்று, சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு பேரங்காடியில் அமிலம் வீசப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டு நாட்டையே துள்ள வைத்திருந்தார். தாக்குதலில் கடுமையாகக் காயமடைந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு அதே ஆண்டில் திடலுக்குத் திரும்பினார்.

அந்தச் சம்பவத்துக்கு ஐந்து நாள் கழித்து, மே 10 அன்று, ஜொகூரில் சும்பாங்சே கிண்ண ஆட்டம் நடக்க வேண்டும். ஜொகூர் டாருல் தாசிமும் சிலாங்கூரும் மோதும், பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஆட்டம். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சிலாங்கூர் விலகிக்கொண்டது. ஆட்டம் 3-0 என்று ஜொகூருக்கு வழங்கப்பட்டது.

அந்த 3-0ஐ யாராவது ஒட்டுக்கடையில் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பேச என்ன இருக்கிறது? எதிரணி வரவில்லை என்றால் எண்கள் மட்டுமே மிஞ்சும், கதை மிஞ்சாது. எதிரணிக்கு ஒரு கேடு என்றால் அது ஆட்டத்துக்கே கேடு.

தேர்வில் இச்சம்பவத்தைத் தொட்டால் ஒரு எச்சரிக்கை. தாக்கியவர் யார், நோக்கம் என்ன என்று நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். எந்த அணி ரசிகர் மீதும் பழி போடாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். கருத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு எழுதும்போது

1. ஒரு கூட்டத்தை எழுதாமல் இரண்டு பேரை எழுதுங்கள். "ஆயிரக்கணக்கான ரசிகர்கள்" என்பதைவிட, ஒரே வீட்டில் வேறு வேறு சட்டை அணிந்த அக்காவும் தம்பியும் வாசகர் மனத்தில் நிற்பார்கள்.

2. நேரத்தைப் படிகளாக நகர்த்துங்கள். திங்களன்று டிக்கெட் வாங்குவது, புதனன்று முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம் என்ற வதந்தி, வெள்ளியன்று அணிப்பட்டியல், சனியன்று ரயில் பயணம் என்று போனால் எதிர்பார்ப்பு தானாக ஏறும்.

3. பேச்சுத்தமிழை மேற்கோள் குறிக்குள் மட்டும் வையுங்கள். மாமா "மூனு வருசம்" என்று சொல்லலாம். கதை சொல்லும் நீங்கள் "மூன்று ஆண்டுகள்" என்றுதான் எழுத வேண்டும்.

4. சொற்களை எடைபோடுங்கள். "பகைவர்", "பழிவாங்கினர்", "எதிரியை ஒழித்தனர்" போன்றவை போர்க்களச் சொற்கள். "எதிரணி", "ஈடுகொடுத்தனர்", "வெற்றியைத் தட்டிச் சென்றனர்" போன்றவை ஆட்டக்களச் சொற்கள்.

5. முடிவை முன்கூட்டியே சொல்லாதீர்கள். யார் வெல்வார் என்று தெரிந்துவிட்டால், எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழக்கமான தொடக்கம்: "அன்று ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தனர்."

திருத்திய தொடக்கம்: "கிள்ளானில் ரயில் ஏறும்போது எங்கள் பெட்டி முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. எதிர் இருக்கையில் மட்டும் ஒரு பெரியவர் கோலாலம்பூர் சட்டை அணிந்து தனியாக அமர்ந்திருந்தார். அப்பா அவரிடம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்."

எது உங்களை அடுத்த வரிக்கு இழுக்கிறது? "ஆவல்" என்ற சொல்லே இல்லாமல் இரண்டாவது தொடக்கத்தில் ஆவல் வந்துவிட்டது, பார்த்தீர்களா?

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை

வகுப்பை இரண்டு அணி ரசிகர்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் அணியின் பெருமையைச் சொல்ல வேண்டாம். எதிரணியின் சிறப்பைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதட்டும். பிறகு அவற்றை எதிரணிக் குழுவிடமே வாசித்துக் காட்டட்டும். முதலில் சிணுங்குவார்கள். "முடியாது டீச்சர்" என்பார்கள். எழுதி முடித்து வாசிக்கும்போது வகுப்பில் கேட்கும் சிரிப்பைக் கவனியுங்கள். அதன் பிறகு 85ஆம் பாடலை நடத்தினால், நக்கண்ணையார் இரு சாரார் பேச்சையும் நல்லது என்று ஏன் சொன்னார் என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அடுத்த முறை சிலாங்கூரும் கோலாலம்பூரும் மோதும் வாரத்தில் உங்கள் வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு சிறு நோட்டில் நான்கு வரி குறித்து வையுங்கள். உங்கள் கட்டுரையின் முதல் பத்தி அங்கேதான் இருக்கிறது. அப்படியே எதிர்க்கட்சி மாமாவுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். அவர் இல்லாமல் உங்களுக்குச் சனிக்கிழமையே இல்லை.