வீட்டில் ஒரு நாதஸ்வரம் இருந்தால்… சீவாளியைப் பொருத்தலும் பேணலும்

எமது மண்ணில் திருமணம், கோயில் திருவிழா, குடிபுகுதல் என எந்த மங்கல நிகழ்வும் நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் நிறைவடைவதில்லை. அந்த ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், எம்மில் பலர் நீண்ட குழலையே காட்டுவோம். உண்மையில் அது பிறப்பது, குழலின் உச்சியில் செருகப்பட்டிருக்கும் ஒரு சிறு தட்டைத் துண்டில். அதன் பெயர் சீவாளி.

போர் பல கலைஞர் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. வாசித்தவர் இல்லாமற்போன வீடுகளில் வாத்தியம் மட்டும் பெட்டிக்குள் கிடக்கிறது. சில வீடுகளில் மகனோ மகளோ அதனை எடுத்துப் படிக்க விரும்புகிறார்கள். ஆனால் அதனை எப்படிப் பொருத்துவது, எப்படிக் காப்பது என்ற அறிவு வாசித்தவரோடு போய்விட்டது. அத்தகைய வீடுகளைப் பொறுப்பேற்று நடத்தும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் பயன்படும் சில விடயங்களை இங்கு தருகிறோம்.

சீவாளி எப்படி ஒலிக்கிறது?

சீவாளி என்பது ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு மெல்லிய இதழ்கள். அவற்றுக்கிடையே நூலிழை அளவு வாய் திறந்திருக்கும். மூச்சு அதனூடாகச் செல்லும்போது இரு இதழ்களும் மிக விரைவாகத் திறந்து மூடி அதிர்கின்றன. அந்த அதிர்வு குழலுக்குள் உள்ள காற்றை அதிரச் செய்கிறது. குழல் அதனைப் பெருக்கிக் கொடுக்கிறது. எவ்வளவு உயர்ந்த வாத்தியமாக இருந்தாலும் சீவாளி பழுதானால் அது வெறும் மரக்குழல்தான்.

இதழ்கள் தடித்திருந்தால் மூச்சு அதிகம் தேவைப்படும். மிக மெலிந்திருந்தால் நாதம் நிற்காது, சுருதி இறங்கும். எனவே ஒருவருக்குப் பொருந்தும் சீவாளி இன்னொருவருக்குப் பொருந்தும் என்று சொல்லமுடியாது. குட்டையான, சுருதி கூடிய திமிரி நாதஸ்வரத்துக்கு ஓர் அளவும், நீண்ட பாரி நாதஸ்வரத்துக்கு வேறோர் அளவும் வேண்டும். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குச் சற்று மென்மையான சீவாளியே நல்லது. கடினமானதைக் கொடுத்து ஊதச் சொன்னால், பிள்ளை தன்னால் முடியாது என்று எண்ணி விட்டுவிடும்.

எங்கிருந்து வருகிறது?

சீவாளிக்குப் பெயர்பெற்ற ஊர் தமிழ்நாட்டின் காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம்பிள்ளையின் ஊரும் அதுவே. நாணல் இனத்தைச் சேர்ந்த தட்டையை வெட்டி, உலர்த்தி, நெடுநாள் வைத்திருந்து, வேகவைத்துப் பதப்படுத்தி, தட்டி, மடித்து, நூலால் கட்டிச் சீவி எடுக்கிறார்கள். அதே வட்டாரத்திலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையப்படுகிறது. அந்த வாத்தியத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

கடல் கடந்து வரும் பொருள் என்பதால் எமது கலைஞர்கள் சீவாளியை எப்போதும் அருமையாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். 2006 ஓகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டு, குடாநாட்டுக்கான பொருட்கள் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்த காலத்தில், இருப்பதைக் காப்பாற்றுவது தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று பயணம் இலகுவாகிவிட்டாலும், மாத வருமானம் நிச்சயமில்லாத குடும்பத்துக்கு ஒவ்வொரு சீவாளியும் செலவுதான். கவனமின்மையால் உடையும் சீவாளி, வீட்டுச் செலவிலிருந்து போகும் பணம்.

பொருத்தும் முறை

சீவாளி நேரடியாக மரக்குழலில் பொருந்துவதில்லை. இடையில் கெண்டை எனப்படும் சிறு உலோகக் குழாய் உண்டு. கெண்டையின் மேல்முனையில் சீவாளியும், கீழ்முனை நாதஸ்வரத்தின் உச்சியிலும் பொருந்தும்.

• முதலில் கெண்டையைத் துணியால் துடைத்து, உள்ளே அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
• பொருத்துமிடத்தில் காற்றுக் கசியாதிருக்க நூல் சுற்றுவார்கள். சுற்று சீராக இருக்கவேண்டும். தளர்ந்தால் காற்றுப் போகும், நாதம் கெடும். மிகவும் இறுகினால் அழுத்திச் செருகும்போது சீவாளி பிளந்துவிடும்.
• உலர்ந்த சீவாளியை உடனே ஊதக்கூடாது. வாயில் வைத்தோ சுத்தமான நீரில் சிறிது நேரம் நனைத்தோ இதழ்களைப் பதப்படுத்தவேண்டும். அதிக நேரம் ஊறவிடக்கூடாது.
• செருகும்போது நூல் கட்டிய அடிப்பாகத்தைப் பிடித்து, மெல்லத் திருகிச் செருகுங்கள். இதழ் நுனியை ஒருபோதும் பிடிக்கவேண்டாம்.
• வாய் அடைத்திருந்தால் அதற்கென உள்ள ஊசியால் மெதுவாகத் திறப்பார்கள். நாதஸ்வரத்தில் உதிரிச் சீவாளிகளோடு நூலில் தொங்கும் குச்சி அதுதான். முற்காலத்தில் அது யானைத் தந்தத்தில் செய்யப்பட்டது. தையல் ஊசியைப் பாவித்தால் இதழ் கீறுப்படும்.

இதழைச் சீவித் திருத்துவது மட்டும் அனுபவமுள்ளவரின் வேலை. ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவினாலும் அதனைத் திரும்ப ஒட்டமுடியாது.

பேணும் முறை

வாசித்து முடிந்ததும் சீவாளியைக் கழற்றி, சுத்தமான நீரில் அலசி, மென்துணியால் ஒற்றி, நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அடுப்பங்கரையில் வைத்தால் சூட்டில் சுருங்கும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சிறு துளைகள் இட்ட ஒரு பெட்டி போதும். இதழ் நுனி எதிலும் முட்டாதிருக்கவேண்டும்.

ஒரே சீவாளியை நாள் முழுவதும் பாவிக்காமல், இரண்டு மூன்றை மாறி மாறிப் பாவித்தால் ஒவ்வொன்றும் நீண்டநாள் உழைக்கும். நல்லூர்த் திருவிழா போல 25 நாட்கள் தொடரும் உற்சவங்களில் இது மிகவும் அவசியம். புதிய சீவாளியை முதல் நாட்களில் சிறிது சிறிதாக ஊதிப் பழக்கவேண்டும்.

ஒருவர் ஊதிய சீவாளியை மற்றவர் ஊதுவது கூடாது. சளி, இருமல், காசநோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே வாத்தியத்தில் படிக்கலாம். ஆனால் சீவாளி ஆளுக்கொன்று வேண்டும்.

நெடுநாள் மூடிக்கிடந்த வாத்தியம்

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தாய், அவர் கடைசியாக வாசித்த சீவாளியைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். மகன் அதனை ஊதக் கேட்டபோது கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் மனமில்லை. இப்படியான நிலையில் உள்ள சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம். பல வருடம் கிடந்த சீவாளியில் பூஞ்சணம் இருக்கக்கூடும், இதழும் இற்றுப்போயிருக்கும். அது ஊதுவதற்கு உகந்ததல்ல. அதனை நினைவாகவே வைத்திருங்கள். பிள்ளைக்குப் புதியது வாங்கிக் கொடுங்கள். அந்தத் தாயும் அப்படியே செய்தார். பழைய சீவாளி இன்னும் அவரது முடிச்சில்தான் இருக்கிறது. குழல் மட்டும் மகனுடையதாகிவிட்டது.

குழலை எடுக்கும்போது வெடிப்பு, கறையான் அரிப்பு உண்டா என்று பாருங்கள். சுருதி சேர்ப்பதற்காக அடித்துளைகளில் வைத்த மெழுகு காய்ந்து உதிர்ந்திருக்கலாம். அனுபவமுள்ள கலைஞர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. அதற்கு முன் யாராவது விலை பேசி வந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அதன் பெறுமதியை அறிந்த பின் விற்பதா, வைத்திருப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

பெண்களும் இந்தக் கலையும்

நாதஸ்வரம் எம்மிடையே குறிப்பிட்ட குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் கலையாகவே இருந்து வந்துள்ளது. அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்ற மேதைகளை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் கலைஞரின் வீட்டில் வாத்தியத்தைத் துடைத்து, உறை தைத்து, சீவாளியை உலரவைத்த பெண்களின் உழைப்பை எவரும் தொழில் என்று எண்ணியதில்லை. அதிலும் கணவனை இழந்தவள் மங்கல நிகழ்வில் முன்னே நிற்கக்கூடாது என்கிறது எமது சமூகம். அந்த மங்கல வாத்தியத்தைக் காத்துக் கொடுத்தது அவளுடைய கைகள் என்பதை அது எண்ணிப் பார்ப்பதில்லை.

பெண்ணால் ஊதமுடியாது என்பதும் சரியல்ல. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் பல ஆண்டுகளுக்கு முன்பே மேடையேறி வாசித்தவர். காலீஷாபி மஹபூப் அவர்களுக்குக் கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்த்து 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உங்கள் மகள் ஆசைப்பட்டால் தடுக்கவேண்டாம்.

சீவாளி செய்வதைச் சுயதொழிலாகப் பழகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது பல வருடப் பழக்கத்தில் கைவரும் தொழில். ஒரு வாரப் பயிற்சியில் வருமானம் தரும் என்று எவராவது சொன்னால் நம்பிக் கடன்படவேண்டாம். ஆனால் வாத்தியத்துக்கு உறை தைத்தல், சீவாளிப் பெட்டி செய்தல், நூல் சுற்றுதல் போன்ற வேலைகளை ஒரு கலைஞரிடம் கேட்டுப் பழகலாம். ஊரிலுள்ள மேளக் குழுக்களிடம் விசாரித்து, தேவை இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்து, குழலைத் துடைத்து, காற்றுப் படும்படி நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மூடுங்கள். மாதம் ஒருமுறை இதனைச் செய்தால், பிள்ளை கேட்கும் நாளில் வாத்தியம் பழுதின்றி இருக்கும்.