கல் கல்லாய் மீண்ட கோட்டை

கனடாவின் அட்லாண்டிக் கரையிலுள்ள கேப் பிரெட்டன் தீவுக்குக் காரிலேயே போகலாம். 1955-இல் திறக்கப்பட்ட கான்சோ கடல்பாதை, தீவை நோவா ஸ்கோஷியா நிலப்பரப்போடு இணைக்கிறது. தீவின் கிழக்குக் கரையில் நிற்கிறது லூயிஸ்பர்க் கோட்டை. 1713-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த இந்தத் துறைமுக நகரம், காட் மீன் வணிகத்தால் செழித்தது. 1758-இல் பிரிட்டிஷார் அதைக் கைப்பற்றி, 1760-இல் மதில்களைத் தகர்த்தார்கள். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1961-இல் கனடா அரசு அதை மீண்டும் கட்டத் தொடங்கியது. வேலையிழந்திருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கல்வேலை கற்று, பழைய ஆவணங்களின்படி நகரின் ஏறக்குறைய கால் பகுதியை எழுப்பினார்கள். கோடையில் போனால், 18-ஆம் நூற்றாண்டு உடையணிந்தவர்கள் பீரங்கி முழக்குவதையும் அந்தக் காலத்து முறையில் ரொட்டி சுடுவதையும் பார்க்கலாம். உழைப்பாளிகளின் கைகள் மீட்டுத் தந்த இந்த வரலாற்றை அவசியம் நேரில் காண வேண்டும்.