கடைக் கவுண்டருக்கு ஆள் எடுப்பது எப்படி?

ஒரு லாரி நின்றுவிட்டால் அதோடு பல பேருடைய பிழைப்பும் நின்றுபோகும். ஃபைனான்ஸ் தவணை மட்டும் நிற்காது. டிரைவருக்குப் பேட்டா கொடுத்தாக வேண்டும். லோடு ஏற்றிவிட்டவர் போன் மேல் போன் போடுவார். பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், முட்டை லோடு, டயர் கடை என்று லாரியைச் சுற்றியே இயங்கும் நாமக்கல்லில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா இங்கே தொடங்கிய லாரி பார்ட்ஸ் கடையை இப்போது நான் நடத்துகிறேன்.

நின்ற வண்டியைக் கிளப்பிவிட்ட மெக்கானிக்கை ஊரே பாராட்டும். அவருக்குச் சரியான சாமானை எடுத்துக் கொடுத்த கவுண்டர் ஆளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பெட்டி மாறிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ராசிபுரத்துப் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள். பஸ் பார்சலில் போன கிளட்ச் பிளேட் ஷாஃப்டில் ஏறவில்லை. அதைத் திருப்பி அனுப்பி, சரியானது வந்து சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள் நஷ்டம் பிளேட்டின் விலையைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல கடைகளில் கேட்பது இரண்டே கேள்விதான்: “இதுக்கு முன்னாடி எந்தக் கடையில இருந்தே? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறே?” நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். நம்மிடம் எவ்வளவு நன்றாகப் பதில் சொல்கிறார் என்பது எனக்கு முக்கியமில்லை. வாடிக்கையாளரிடம் அவர் என்ன கேள்வி கேட்பார்? அதைப் பார்த்துத்தான் ஆளை எடுக்க வேண்டும்.

ஒரே பெயர், பல சாமான்

“லேலண்டுக்கு லைனர் குடுங்க” என்று ஒருவர் வந்து நிற்பார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எந்த மாடல், எந்த வருஷம், முன் சக்கரமா பின் சக்கரமா என்பது முதல் படி. டிரம்முக்குக் கடைசல் போட்டிருக்கிறார்களா என்பது அடுத்த படி. கடைசல் போட்ட டிரம்மின் உள்விட்டம் கூடியிருக்கும். அதற்கு ஸ்டாண்டர்டு லைனர் போதாது, ஓவர்சைஸ் வேண்டும். கிராங்க் பேரிங்கும் அப்படித்தான். கிராங்க்கை கிரைண்டிங் போட்டிருந்தால் எத்தனை சைஸ் இறங்கியிருக்கிறது என்று கேட்காமல் பெட்டியைத் தொடக்கூடாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று இரண்டு விதமாக வரும் சாமான்களும் உண்டு. அதைக் கேட்க மறந்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

சட்டம் மாறும்போது சாமானும் மாறுகிறது. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. பி.எஸ். 6 கனரக லாரிகளில் டீசல் டேங்க்கோடு யூரியா கரைசலுக்கும் ஒரு டேங்க், புகைக்குழாயில் நாக்ஸ் சென்சார் என்று பழைய மெக்கானிக்குகள் கண்டிராத சாமான்கள் வந்துவிட்டன. வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு வண்டிகளின் உள்ளே நிறைய வேறுபாடு இருக்கும்.

அதனால்தான் கவுண்டரில் சேசிஸ் நம்பரைக் கேட்கிறோம். 17 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த வரிசை ஆர்.சி. புக்கிலேயே இருக்கிறது. எம்பி1 என்று தொடங்கினால் அசோக் லேலண்டு, எம்ஏடி என்று தொடங்கினால் டாடா. அந்த வரிசையில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் கடையில் புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

எங்கே தேடுவது?

பக்கத்துக் கடையில் வேலை பார்ப்பவரை நூறு இருநூறு கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் சகஜம். எனக்கு அதில் விருப்பமில்லை. அப்படி வந்தவரை நாளை இன்னொருவர் அதே வழியில் இழுத்துக்கொள்வார்.

நான் மூன்று இடங்களில் தேடுகிறேன். முதலாவது, பட்டறைகள். ஹெல்பராக இருந்தவர்களுக்கு எந்த சாமான் வண்டியில் எங்கே உட்காரும் என்று தெரியும். கை நடுக்கம், முதுகுவலி என்று பட்டறை வேலையைத் தொடர முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவை வீணாக விடக் கூடாது. இரண்டாவது, ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு படித்தவர்கள். மூன்றாவது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம். அது மருந்துக்கடை. ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்து எடுக்கவும், அட்டைப் பெட்டியைப் புரட்டித் தேதி பார்க்கவும், சந்தேகம் வந்தால் கேட்டுவிட்டுக் கொடுக்கவும் பழகியவர்கள் அவர்கள். லாரியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம்.

18 வயது நிரம்பாதவரை நாங்கள் எடுப்பதில்லை. “பையன் சும்மாதான் இருக்கான், கடையில விட்டுக்கங்க” என்று கொண்டுவந்து விடுபவர்களிடம், “படிப்பை முடிச்சுட்டு வரட்டுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

தட்டில் வைத்த சாமான்கள்

நேர்காணலுக்கு வருபவர் முன்னால் ஒரு ஸ்டீல் தட்டை வைப்பேன். அதில் ஒரு பேரிங், பழைய ஆயில் சீல் ஒன்று, ஒரு வெர்னியர், கொஞ்சம் பனியன் வேஸ்ட்.

பேரிங்கின் மேல் 6205 என்று இருக்கும். “கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கு. உள் ஓட்டையோட அளவு மில்லிமீட்டர்ல வரும்” என்று ஒரே ஒரு முறை சொல்வேன். 05 என்றால் 25 மில்லி. பிறகு 30208 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, “இது எவ்வளவு?” என்று கேட்பேன். 40 என்று சொல்லிவிட்டால் நல்லது. சொல்லிவிட்டு, “எல்லா பேரிங்குக்கும் இப்படித்தானுங்களா?” என்று ஒருவர் கேட்டால் எனக்குப் பெரிய சந்தோஷம். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. 00 என்று முடிந்தால் 10 மில்லி, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்துதான் பெருக்கல் கணக்கு. விதியைக் கேட்டவுடன் விதிவிலக்கு உண்டா என்று யோசிப்பவரைத்தான் கவுண்டருக்குத் தேடுகிறேன்.

அடுத்தது ஆயில் சீல். கிரீஸும் புழுதியும் அப்பி, எண் தெரியாமல் கிடக்கும். இப்போது எங்கள் கவுண்டரில் இருக்கும் ஒரு பெண் மருந்துக்கடையிலிருந்து வந்தவர். அன்றைக்கு அவர் சீலைக் கையில் எடுத்தார். பனியன் வேஸ்ட்டால் விளிம்பைச் சுற்றித் துடைத்தார். டியூப்லைட் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். “35, 52… அப்புறம் தேஞ்சிருக்குங்கக்கா” என்றார். உள்விட்டம், வெளிவிட்டம் கிடைத்துவிட்டன. விடுபட்டது கனம். வெர்னியரை அதற்கு முன் அவர் பிடித்ததில்லை. “இதை எப்படிப் பிடிக்கிறதுன்னு ஒரு தடவை காட்டுறீங்களா?” என்று கேட்டார். காட்டியதும் அளந்து 7 என்றார். அந்த நிமிஷமே அவரை எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

சீலில் எண்ணே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்லிக் கொடுத்தோம். தேய்ந்த சீலின் உதட்டை அளந்து அதை நம்பக் கூடாது. ஷாஃப்டையும் அது உட்காரும் குழியையும் அளந்து சொல்லும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.

போனில் ஒரு சோதனை

எங்களுக்கு வரும் ஆர்டரில் நிறைய போனில்தான் வருகிறது. அதனால் ஒரு போன் சோதனையும் உண்டு. எங்களிடம் வெகுகாலமாக வாங்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் வெளியிலிருந்து கூப்பிடுவார்.

“கடைங்களா? லேலண்டுக்கு கிளட்ச் பிளேட் ஒண்ணு சேலம் பஸ்ல போட்டு விடுங்க.”

ஒருவர், “சரிங்கண்ணா, போட்டுடறேன்” என்றார். பணிவாகத்தான் சொன்னார். ஆனால் எதைப் போடுவார்? இன்னொருவர் நான்கு கம்பெனிகளின் விலையை மளமளவென்று ஒப்பித்தார். அனுபவசாலிதான். ஆனால் எந்த வண்டி என்று கேட்கவே இல்லை. பட்டறையில் ஹெல்பராக இருந்த இளைஞர் ஒருவர் இப்படிப் பேசினார்:

“எந்த மாடலுங்கண்ணா? ஆர்.சி. புக்கை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுறீங்களா? பழைய பிளேட்டு கழட்டியாச்சுங்களா? வெளி டயா 352-ஆ, 380-ஆன்னு அளந்து சொல்லுங்க. நடுவுல பல்லு எத்தனைன்னு எண்ணிருங்கண்ணா. ரிலீஸ் பேரிங்கு நல்லா இருக்குதுங்களா? இல்லீன்னா அதையும் சேர்த்துப் போட்டுடலாம், மறுபடி கியர்பாக்ஸ இறக்க வேண்டாம் பாருங்க.”

கடைசியில், “எனக்கு உறுதியாத் தெரியலீங்கண்ணா. ரேக்குல பார்த்துட்டு அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்” என்றார். நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொண்டு திரும்பக் கூப்பிடுகிறவரை மெக்கானிக்குகள் நம்புவார்கள். நாளடைவில் கடையின் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள்.

நாணயம்

ஒரு சாமான் கடைக்கு நான்கு விதமாக வருகிறது. வண்டி கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. ரானே, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்ற தயாரிப்பாளர்கள் வண்டித் தொழிற்சாலைக்கும் கொடுத்து, தங்கள் சொந்தப் பெட்டியில் கடைகளுக்கும் அனுப்புவது இரண்டாவது. தன் பெயரிலேயே மலிவாக வரும் லோக்கல் சாமான் மூன்றாவது. அடுத்தவர் பெயரை ஒட்டி வரும் டூப்ளிகேட் நான்காவது. முதல் மூன்றையும் இன்னதென்று சொல்லி விற்கலாம். நான்காவதைக் கடைக்குள் விடவே கூடாது. பிரேக்கிலும் ஸ்டீரிங்கிலும் அது உயிரைப் பறிக்கும்.

அதனால் நேர்காணலில் கட்டாயம் ஒன்று கேட்பேன்: “ஒருத்தர் வந்து, ‘லோக்கல் சாமானைக் கொடு, பில்லுல கம்பெனி சாமான்னு போடு, வித்தியாசத்துல உனக்கும் பங்கு’ன்னு சொன்னா என்ன பண்ணுவே?” “முடியாதுங்க” என்று மட்டும் சொன்னால் பாதிதான். “முடியாதுங்கண்ணா, முதலாளிகிட்ட வேணா பேசுங்க” என்று சண்டையில்லாமல் மறுக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். நாளைக்கும் அதே மனிதர் நம் கவுண்டருக்கு வருவார்.

விலை பேசவும் அதே நேர்மை தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. “பெட்டியில பழைய விலைதானே போட்டிருக்கு?” என்று கேட்டவர்களுக்கு, பில்லைக் காட்டி வரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லும் ஆள் இருந்த கடைகளில் வாக்குவாதம் வரவில்லை.

முதல் சில மாதங்கள்

நல்ல ஆளை எடுத்துவிட்டு முதல் நாளே பில் போட உட்கார வைத்தால் அவரைக் கெடுத்துவிடுவோம். எங்கள் கடையில் முதலில் சரக்கு இறக்கும் வேலை. பெட்டியைப் பிரித்து, இன்வாய்ஸோடு சரிபார்த்து, ரேக்கில் அதற்குரிய எண்ணிட்ட அறையில் வைக்க வேண்டும். பெல்ட், ஹோஸ், சீல் மாதிரி ரப்பர் சாமானில் பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். இப்படி ஒவ்வொரு சாமானையும் கையால் தொட்டவருக்குத்தான் கவுண்டரில் நிற்கும்போது அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரியும். அடுத்து, மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது. அதற்கப்புறம்தான் தனியாகக் கவுண்டர்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ரிட்டர்ன் நோட்டு வைத்திருக்கிறோம். திரும்பி வந்த சாமானின் பெயருக்கு எதிரே, என்ன கேள்வியைக் கேட்டிருந்தால் இது திரும்பி வந்திருக்காது என்று ஒரு வரி எழுத வேண்டும். “எந்த சைடுன்னு கேட்கலை.” “வருஷம் கேட்கலை.” யார் கொடுத்தது என்று எழுதக் கூடாது. திட்டுவதற்காக வைத்த நோட்டு அல்ல அது. புதிதாக வருபவருக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் என்னிடம் இல்லை.

உட்கார ஒரு நாற்காலி

நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பும் முதலாளிகளிடம் நான் ஒன்று கேட்பேன்: உங்கள் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா? 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. நாளெல்லாம் நின்றவருக்கு மாலை ஆறு மணிக்கு வரும் போனில் பொறுமையாக நான்கு கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. அந்தச் சட்டம் சொல்லும் நாளைக்கு 8 மணி நேர வேலையும் வார விடுமுறையும் அதே காரணத்துக்காகத்தான் அவசியம். களைத்துப்போனவர்தான் கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டுவார்.

சம்பளத்திலும் இதை நினைவில் வைக்க வேண்டும். சாமான் எண்களும், மெக்கானிக்குகளின் குணமும், எந்த வண்டிக்கு எது சேரும் என்ற அறிவும் ஒருவர் தலையில் ஏற வருடக் கணக்காகும். அவரை எடுபிடியாக நடத்தி, எடுபிடிக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுத்தால் அந்த அறிவு ஒரு நாள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். வருடா வருடம் கூட்டிக் கொடுங்கள். கணக்கும் கொள்முதலும் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அவர் சொந்தக் கடை வைத்தாலும் தொழில் தெரிந்த ஒருவர் ஊரில் கூடினார் என்று சந்தோஷப்படுங்கள்.

எங்கள் கடை வாசலில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டும்போது “அனுபவம் உள்ளவர்கள் மட்டும்” என்று நான் போடுவதில்லை. சம்பளம் எவ்வளவு, கடை நேரம் என்ன, எந்தக் கிழமை விடுமுறை என்று தெளிவாக எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்: “கேள்வி கேட்கத் தயங்காதவர்கள் வரவும். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், தொழிலை நாங்கள் கற்றுத் தருகிறோம்.”