இரும்புக் குண்டும் ஓராண்டு ஒப்பந்தமும்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் என எந்தப் பட்டணத்துக் கடைவரிசையிலும் மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே சுவரோரம் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள் வரிசையாக நிற்கின்றன. அதுதான் கெட்டில்பெல். ஒரே குண்டை வைத்துத் தசைக்கும் இதயத்துக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் உறுப்பியம் விற்கிறார்கள். அந்தப் பேச்சில் பெரும்பகுதி உண்மை. முறையாகக் கற்றுக்கொண்டு, உடல்நிலையைச் சோதித்துக்கொண்டு தொடங்குகிறவருக்குக் கெட்டில்பெல் நிச்சயம் பயன் தரும். குண்டைவிட அதிக எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது, அதோடு சேர்த்து மேசையில் வைக்கப்படும் ஓராண்டு ஒப்பந்தத்தை.

இந்தப் பேச்சு ஜொகூரில் எழுவதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம். ஒரு மணி நேரம் ஓடவும், பிறகு இன்னொரு மணி நேரம் எடை தூக்கவும் அவர்களுக்கு நேரம் ஏது? இருபது நிமிடத்தில் இரண்டும் நடக்கும் என்றால் காது கொடுத்துக் கேட்கத்தான் தோன்றும்.

கேட்கவும் வேண்டும். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 54.4 சதவீதத்தினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். 15.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு, 29.2 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். 2019 ஆய்வை இனவாரியாகப் பார்த்தால் நம் நிலைமை இன்னும் மோசம்: வயது வந்த இந்தியர்களில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. பத்துப் பேரில் மூவர். நம்மில் பலர் உடற்பயிற்சி என்றாலே நடையோடு நிறுத்திக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி அதைப் போதும் என்று சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. அதற்கு மேல் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், நீரிழிவு மிகுந்த ஒரு சமூகம் இதை மறக்கக் கூடாது.

கெட்டில்பெல் ரஷ்யாவிலிருந்து வந்தது. தானியச் சந்தையில் எடைக்கல்லாக இருந்ததைத் தூக்கிப் பலம் பார்த்தார்கள், பிறகு அதுவே விளையாட்டானது. 16, 24, 32 கிலோ என்ற கணக்கு, 16.38 கிலோ கொண்ட ‘பூட்’ என்ற பழைய ரஷ்ய எடையிலிருந்து பிறந்தது. கர்லாக்கட்டை சுழற்றியும் இளவட்டக்கல் தூக்கியும் பழகிய மரபுக்காரர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான எண்ணமல்ல.

இனி ஆய்வுகள். 2012இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஆறு வாரம் கெட்டில்பெல் வீச்சு மட்டும் செய்தவர்களின் கால் வலிமை 9.8 சதவீதமும், தாவும் விசை 19.8 சதவீதமும் கூடின. அமர்வுக்கு 12 நிமிடம்தான். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு கெட்டில்பெல்லையும் நீள்கம்பி எடைப் பயிற்சியையும் ஒப்பிட்டது. இரண்டிலும் பலம் கூடியது, ஆனால் குந்தி எழும் வலிமையில் நீள்கம்பிக்காரர்களே முந்தினார்கள். இதில் வியப்பில்லை. பலம் வளர வளர எடையைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். கம்பியில் ஒரு கிலோ கூட்டலாம்; குண்டிலோ 16க்கு அடுத்தது பெரும்பாலும் 20 அல்லது 24.

இதயப் பயிற்சி என்று வரும்போது முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் நடந்த சிறிய ஆய்வில், எட்டு வாரத்தில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13.8 சதவீதம் உயர்ந்தது. டென்மார்க்கில் 40 ஊழியர்களைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்விலும் எட்டு வாரம், வாரம் மூன்று முறை பயிற்சி. கழுத்து, தோள், இடுப்பு வலி குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் திறனில் மாற்றமே இல்லை. ஒரே கருவிக்கு இரண்டு விதமான முடிவு வருகிறதென்றால், எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக, எவ்வளவு இடைவெளி விட்டுச் செய்தோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு எண்ணை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2010இல் வந்த ஓர் ஆய்வில் 16 கிலோ குண்டை 12 நிமிடம் இடைவிடாமல் வீசியவர்களின் இதயத் துடிப்பு சராசரியாக உச்சத்தில் 87 சதவீதமாக இருந்தது. ஆக்சிஜன் பயன்பாடோ உச்சத்தில் 65 சதவீதம்தான். ஓட்டத்தில் இந்த அளவு துடிப்பு இருந்தால் ஆக்சிஜன் பயன்பாடு இதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே இதுவரை எதுவும் செய்யாதவருக்கு, நேரமில்லாதவருக்கு, வீட்டின் ஒரு மூலையே மைதானமாக இருப்பவருக்குக் கெட்டில்பெல் மிக நல்ல தொடக்கம். மாரத்தான் ஓட நினைப்பவருக்கும் பெரிய எடை தூக்க நினைப்பவருக்கும் இது துணைப் பயிற்சி மட்டுமே. நடையை விட்டுவிட்டு இதைப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டும் சேரட்டும்.

ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் வீச்சில்தான். புதியவர்கள் குந்தி எழுந்து கையால் குண்டைத் தூக்குகிறார்கள். வீச்சு அப்படியல்ல. இரு கையிலும் சாமான் இருக்கும்போது கார் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு வளையாமல் மடிந்து, பிட்டத் தசையை இறுக்கி நிமிர வேண்டும். குண்டை முன்னே அனுப்புவது இடுப்பின் விசை. கைகள் பிடித்திருந்தால் போதும். முதுகுத்தண்டின் மீது விழும் விசைகளை 2012இல் அளந்த கனடா ஆய்வாளர்கள், வழக்கமாக எடை தூக்கும்போது முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவப் பார்க்கும் திசைக்கு நேர்மாறான திசையில் வீச்சு இழுப்பதாகக் கண்டார்கள். கனமான எடையைச் சிரமமின்றித் தூக்குகிற சிலருக்கும் வீச்சு மட்டும் முதுகுவலி தருவது இதனால் இருக்கலாம். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம், நிறுத்துங்கள். பெண்களுக்கு 8 முதல் 12 கிலோ, ஆண்களுக்கு 12 முதல் 16 கிலோ என்பது பொதுவான தொடக்கம். அறுபதைத் தாண்டியவர்கள் அதற்கும் குறைவாகத் தொடங்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவருக்குக் கடும் பயிற்சியின்போதும் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். பையில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும், பயிற்சியாளருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். நீரிழிவால் விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பவர்கள் மூச்சை அடக்கி முக்கித் தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். கண் மருத்துவர் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது. கெட்டில்பெல் வகுப்புகளில் வெறுங்காலோடு பயிற்சி செய்யும் பழக்கம் உண்டு. பாதம் மரத்துப்போனவருக்கு அது ஆகாது. காயம் பட்டாலும் தெரியாது, எளிதில் ஆறவும் மாட்டாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர் முதலில் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு வரட்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றோட்டமில்லாத மாடியறையில், முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான வீச்சுகளைச் செய்ய வைக்கும் ‘சவால்’கள் வேண்டவே வேண்டாம். அளவு மீறினால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். பயிற்சிக்குப் பின் தசை வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வந்தாலும் அப்படியே.

தொடங்குமுன் சோதனை செய்துகொள்ளப் பெரிய செலவில்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் இலவசப் பரிசோதனை உண்டு. 2019 முதல் இருக்கும் இந்தத் திட்டத்தை நம்மவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும்.

பயிற்சியாளரை எடைபோடச் சுவரில் தொங்கும் சான்றிதழ் போதாது. வார இறுதி வகுப்பு ஒன்றில் கிடைக்கிற சான்றிதழும் உண்டு. முதல் நாளே உங்கள் நோய், மருந்து, பழைய காயம் பற்றிக் கேட்கிறாரா? வீச்சுக்கு முன் குண்டைத் தரையிலிருந்து எடுத்து வைக்கக் கற்றுத் தருகிறாரா? இருபது பேர் வகுப்பில் உங்கள் முதுகு வளைவதைப் பார்க்க அவருக்குக் கண் இருக்கிறதா? இல்லையென்றால் வேறிடம் பாருங்கள்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதில் நம் பக்கம் நிற்கிறது. சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், 53ஆம் பிரிவு தரும் உத்தரவாதம். ‘எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி வாய் திறக்க முடியாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அதே சட்டத்தில் 2011 முதல் நடப்பிலுள்ள நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதி, அலட்சியத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதியை நியாயமற்றதாகக் கருத இடம் தருகிறது. 2018 இறுதியில் ஒரு வங்கி வழக்கில், வழக்குப் போடும் உரிமையையே முழுதாக மூடிவிடும் விதி ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நோயை மறைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால் உங்கள் வழக்கு வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. தொடர்ந்து வரும் காலத்துக்கான சேவைக்கு முன்கூட்டிப் பணம் வாங்கும், ஜிம் உறுப்பியம் போன்ற ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்துச் செய்யலாம். அப்படிச் செய்யும்போது மொத்த ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதமும், ஏற்கெனவே பெற்றுக்கொண்டதற்கான விலையும் மட்டுமே பிடித்துக்கொள்ள முடியும். ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று தாளில் அச்சடித்திருந்தாலும் சட்டம் தந்த உரிமை போய்விடாது. ரத்துச் செய்வதை வாயால் சொல்லாதீர்கள். எழுதி அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டையில் மாதந்தோறும் தானாகப் பிடிக்கிறார்கள் என்றால் வங்கிக்கும் எழுதுங்கள்.

உரிமை இருந்தும் பணம் திரும்பாத நிலை ஒன்று உண்டு: ஜிம்மே மூடிவிட்டால். 2016 ஜூலையில் சிங்கப்பூரில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் மூடியது. 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவிலிருந்த தன் நிலையங்களைத் திடீரென மூடியது. ஆண்டுக்கணக்கில் முன்பணம் கட்டியிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். இரண்டும் பெயர் பெற்ற நிறுவனங்கள். கடைவரிசை ஜிம்முக்கு அந்த அளவு பலம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மாதாமாதம் கட்டுங்கள். கெட்டில்பெல் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். ஒருவரிடம் சில வாரம் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு குண்டை வாங்கி வீட்டிலேயே தொடரலாம்.

வாங்கும்போது ஒரே வார்ப்பாக வந்த இரும்புக் குண்டாகப் பாருங்கள். கைப்பிடியில் பிசிறு, வெடிப்பு, ஒட்டிய தடம் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் நிரப்பியது மலிவுதான், ஆனால் பருத்திருக்கும், விழுந்தால் உடையும். பழுதான பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்கப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, இணையத்தில் வாங்கினாலும்தான். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுக் கருவிகள், ஜிம் உறுப்பியம், பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கோரலாம்.

தகராறு முற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, மனுவை இணையம் வழியாகவும் தரலாம். ஆனால் உடற்காயத்துக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான் வழி, தீபகற்பத்தில் அலட்சிய வழக்குக்கு ஆறாண்டு அவகாசம். காயம் பட்ட அன்றே மருத்துவ அறிக்கை, உடைந்த கருவியின் படம், உடனிருந்தவர்களின் தொடர்பு எண் ஆகியவற்றைச் சேர்த்து வைக்காவிட்டால் அந்த அவகாசம் பயன்படாது. வேலை செய்யும் இடத்துக்கு அருகே சிங்கப்பூரில் உறுப்பியம் எடுத்தவர்கள் அங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உச்சவரம்பு 20,000 சிங்கப்பூர் டாலர், அவகாசமும் இரண்டே ஆண்டு.

நம் நடுவர் மன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பளித்தால் எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு. பதினைந்தாம் நாளும் பணம் வராவிட்டால் அதே மன்றத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.