தூக்கலாமா?

கடல்மேல் எண்ணெய் – 9

சென்ற வாரம் ஹெலிகாப்டரில் வந்து ரிக்கில் இறங்கினோம். ஆட்கள்தான் பெரும்பாலும் வான்வழி வருவார்கள். துளையிடும் குழாய், ரசாயன டிரம், உதிரிப் பாகங்கள், அரிசி மூட்டை, வெங்காயம் எல்லாம் கப்பலில் வரும். கப்பலிலிருந்து மேலே ஏற ஒரே வழி கிரேன் கொக்கி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்குக்கூட இங்கே கை நடுங்கும். அங்கே தரை அசையாது. இங்கே லோடு வைத்திருக்கும் கப்பல் அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கப்பல் அலையின் உச்சிக்கு வரும் அந்த நொடியில் சட்டென்று தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் லோடு கொக்கியில் இருக்க, கப்பல் காலடியிலிருந்து நழுவிக் கீழே போகும். தொய்ந்திருந்த இரும்புக் கயிறு வெடுக்கென்று விறைக்கும். பத்து டன் பெட்டி அந்த வெடுக்கில் பத்து டன்னோடு நிற்காது. தூக்கிய பிறகு தயங்கினாலோ, அடுத்த அலையில் கப்பல் ஏறிவந்து பெட்டியை அடியிலிருந்து முட்டும். அதனால்தான் கிரேன் அறையில் தொங்கும் அட்டவணையில் அலை உயர உயர, தூக்கக்கூடிய எடை இறங்கிக்கொண்டே வரும். கிரேனின் கை எவ்வளவு தூரம் எட்டிப் போகிறதோ, அதற்கேற்பவும் குறையும்.

அடுத்தது, பாரத்தைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங் கயிறு. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தண்ணீர் நிறைந்த வாளியின் பிடியில் ஒரு துண்டைக் கோத்து, இரு முனைகளையும் இருவர் பிடித்துத் தூக்குங்கள். ஒட்டி நின்றால் ஆளுக்குப் பாதி பாரம். விலகி விலகி நின்றால் கை கடுக்கும். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடியிருக்காது. கணக்கும் இதைத்தான் சொல்கிறது. பத்து டன் பாரத்தை இரண்டு கயிறுகளில் நேராகத் தூக்கினால் ஒவ்வொன்றிலும் 5 டன். கயிறு கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் சாய்ந்தால் ஏறத்தாழ 5.8 டன். 30 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு கயிறும் முழுதாகப் பத்து டன் சுமக்கிறது. எட்டு டன் தாங்கும் கயிறு அறுந்துபோனால் கயிற்றைக் குறைசொல்லிப் பயனில்லை.

தளத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். லோடு சுழலாமல் இருக்க அதில் கட்டிய பிடிகயிறு ஒருவர் கையில். அதில் முடிச்சு இருக்கக் கூடாது, எங்காவது சிக்கும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, லோடு திரும்பினால் ஆளையும் இழுத்துப் போகும். ஸ்லிங்கிலும், அதை இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளிலும் பூசிய வண்ணத்தைப் பார்க்கிறார் இன்னொருவர். பரிசோதனை முடிந்ததற்கு அந்தப் பருவத்தின் வண்ணமே அடையாளம். பழைய வண்ணம் என்றால் ஓரமாகப் போய்விட வேண்டியதுதான். பெட்டியின் கூரையில் யாராவது மறந்துவைத்த ஸ்பானர் கிடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பெட்டி முப்பது மீட்டர் ஏறிய பிறகு அந்த ஸ்பானர் சரிந்தால் ஹெல்மெட் காப்பாற்றாது. கிரேன் ஓட்டுநர் ஒரே ஒரு சிக்னல்மேனின் கையசைவுக்குத்தான் கட்டுப்படுவார். ஆனால் 'நிறுத்து' என்ற சைகை மட்டும் யார் காட்டினாலும் செல்லும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் காட்டினாலும் கிரேன் நிற்கும்.

இவ்வளவும் 'தூக்க முடியுமா?' என்ற கேள்விக்கான பதில்கள். இதைவிட முந்தி கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தூக்கலாமா?

2005 ஜூலை 27. முந்தைய நாள்தான் மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. நகரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் மேற்கே, மும்பை ஹை வடக்கு எண்ணெய்த் தளம். அருகில் 'சமுத்ர சுரக்ஷா' என்ற உதவிக் கப்பல். பெயருக்குப் பொருள், கடல் பாதுகாப்பு. அதன் சமையல்காரருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டுவிட்டன. அந்த வானிலையில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. தளத்தில் மருத்துவ உதவி உண்டு. கிரேன் கூடையில் அவரை மேலே ஏற்றிவிடலாம் என்று முடிவாயிற்று.

தளத்தின் காற்று மறைவுப் பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை. ஆகவே கப்பல், காற்றும் அலையும் தளத்தை நோக்கித் தள்ளும் பக்கத்துக்கு வந்தது. கப்பலை நிலைநிறுத்தும் உந்திகளில் வலப்பக்கத்தவை பழுது, கையால் இயக்கினார்கள். பின்பக்கமாக நெருங்கினார்கள். அதே பக்கத்தில்தான் கடலடியிலிருந்து மேலேறும் எரிவாயுக் குழாய்கள் இருந்தன. அவற்றின் முன்னிருந்த தடுப்புகள் சிறிய சரக்குக் கப்பல்களை மனத்தில் வைத்து அமைத்தவை.

கூடை ஏறியது. காயம்பட்டவர் தளத்தில் இறங்கினார். கயிறு, கொக்கி, ஓட்டுநர் எதிலும் குறையில்லை. அதன் பிறகு ஒரு பெரிய அலை கப்பலைத் தூக்கிப்போட்டது. கப்பலின் பின்பக்க ஹெலிகாப்டர் மேடை குழாய்களில் மோதியது. கசிந்த வாயு பற்றிக்கொண்டது. தீ கப்பலுக்கும் பரவியது. இரண்டு மணி நேரத்தில் தளமே உருகிச் சரிந்தது. 22 பேர் மாண்டார்கள். 362 பேர் மீட்கப்பட்டார்கள்.

கிரேன் பழுது, உந்தி பழுது, கெட்ட வானிலை, தப்பான பக்கம். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்த செய்திதான். விரல் வெட்டுப்பட்டு வலியில் துடிக்கும் மனிதரை எதிரே வைத்துக்கொண்டு 'பொறுங்கள்' என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல. அதற்காகத்தான் தூக்கும் திட்டம் என்று ஒரு தாளை, எவரும் துடிக்காத நேரத்தில், ஆற அமர உட்கார்ந்து எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எந்தக் காற்றில் கப்பல் கிட்டே வரக் கூடாது, எந்தக் கருவி பழுதென்றால் திரும்பிப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனின் 'நிறுத்து' சைகை எப்படிச் செல்லுமோ, அப்படி அந்தத் தாளும் செல்ல வேண்டும்.

அன்று தீப்பிடித்த கப்பலைக் கைவிட்டு எல்லோரும் வெளியேறியபோது, ஆறு பேர் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். அழுத்த அறைக்குள் இருந்த ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் அவர்கள். கதவைத் திறந்துகொண்டு ஓட அவர்களால் முடியாது. ஏன் முடியாது, 36 மணி நேரம் கழித்து எப்படிப் பிழைத்து வந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)