பழைய வண்டி, புதுத் தகடு – 9: ரெண்டரை நூல்

போன வாரம் பிராக்கெட்டுக்குத் தகடு மடக்குவதில் விட்டோம். அட்டையில் அச்சு வெட்டியவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரம் வெல்டிங் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு போல்ட் வந்து மறித்துக்கொண்டது.

போடி, தேவாரம், கம்பம் பக்கம் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் பூர்வீகம் அமெரிக்கா. வில்லிஸ் சிஜே-3பி மாடல் 1953-ல் வந்தது. அதன் பானட் அப்படித் தூக்கி நிற்கக் காரணம் ஹரிக்கேன் இன்ஜின். இன்டேக் வால்வை ஹெட்டில் ஏற்றியதால் இன்ஜின் உயரம் கூடிற்று, மேலே இருக்கும் பானட்டும் சேர்ந்து உயர்ந்தது. மஹிந்திரா அந்த வம்சத்தை இங்கே பல பத்தாண்டுகள் ஓட்டியது. 1980-களில் எம்எம்-540 வந்தபோது உள்ளே உட்கார்ந்தது 2,112 சிசி பியூஜோ டீசல். உடம்பு அமெரிக்கா, இன்ஜின் பிரான்ஸ். பழைய வில்லிஸ் வழி வந்த போல்ட்டுகள் இன்ச் கணக்கு, இன்ஜினில் இருப்பவை மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே தகட்டில் கட்டிப் போடுகிற வேலை நம்முடைய பிராக்கெட்டுக்கு.

விவகாரம் இங்கேதான். 5/16 இன்ச் போல்ட் என்றால் 7.94 மி.மீ. பக்கத்தில் 8 மி.மீ. போல்ட்டை வைத்தால் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும் பட்டறையில் இன்னும் நூல் கணக்குதான். கடையில் ‘ரெண்டரை நூல்’ என்று கேட்டால் இரண்டில் எது கைக்கு வருகிறதோ அது. சரி, ஸ்பேனராவது காட்டிக்கொடுக்குமா? 5/16-ன் தலை அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. எட்டின் தலை 13. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இரண்டிலும் உட்கார்ந்துவிடுகிறது. திட்டம் போட்டு ஏமாற்றினால்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது!

குட்டு உடைவது மரையில். எட்டு மி.மீ. போல்ட்டின் சாதா மரைக்கு மரை தூரம் 1.25 மி.மீ. 5/16-ன் பொடி மரை இன்ச்சுக்கு 24, மரை தூரம் 1.06. மாற்றி மாட்டினால் நட்டு முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும். அப்புறம் இறுகும். “துருண்ணே” என்று சொல்லிப் பையன் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுப்பான். ஏறவும் ஏறிவிடும், மரையைச் சீவிக்கொண்டு. கைக்கு இறுக்கம் தெரியும், தகட்டுக்குப் பிடிமானம் இருக்காது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்க, போல்ட் துளைக்குள் ஆடும். துளை முட்டை வடிவாகும், அதன் ஓரத்தில் கீறல் விழும். பழி தகட்டின் மேல். “மூணு எம்.எம். தாங்கலண்ணே, அஞ்சுல போட்டுருவோம்.” அஞ்சில் போட்டால் பிராக்கெட் நிற்கும், அடுத்த கீறல் சேசிஸில் விழும். உடைந்த பிராக்கெட்டை மாற்றிவிடலாம், சேசிஸை மாற்றுவது யார்?

மரை கேஜ் இருந்தால் நல்லது. இல்லையா, என்ன மரை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்துச் சந்தேகப் போல்ட்டின் மேல் நீளவாக்கில் பதித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மரைக்குள் மரை அடைந்து வெளிச்சம் தெரியாவிட்டால் இரண்டும் ஒரே சாதி. இடையில் வெளிச்சம் ஒழுகினால் வேறு. பிராக்கெட்டை வண்டியில் ஏற்றுமுன் இன்ச் போல்ட் வரும் துளையருகே ஒரு பஞ்ச் குத்து, எம்.எம். துளையருகே இரண்டு. பெயிண்ட் அடித்த பிறகும் விரலுக்குத் தட்டுப்படும். அடுத்துக் கழற்றுகிற மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

இடையில் ஒரு கேள்வி: பழைய ஸ்பிரிங் பட்டை சும்மா கிடக்கிறதே, அதிலேயே பிராக்கெட் வெட்டினால் என்ன? வேண்டாம். அது கொல்லுப்பட்டறைக்குப் போய் அரிவாளாகட்டும், அதற்கு அதைவிட நல்ல இரும்பு சுலபத்தில் கிடைக்காது. கரிச்சத்து கூடின எஃகு அது. வெல்டிங் சூடு சட்டென்று ஆறும்போது பற்றுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி நொறுங்குகிற கெட்டிப்பு வந்துவிடும். பிராக்கெட்டுக்கு மைல்ட் ஸ்டீல் போதும். அந்தக் கெட்டிப்பு எப்படி வருகிறது, முன்கூட்டியே சூடேற்றினால் அடங்குமா என்பதெல்லாம் வெல்டிங் பாடம். அது அடுத்த வாரம். எந்தப் போல்ட் வந்தாலும் நிற்கப் போவதில்லை.